வந்தோர் பேழை

காலையில் பல் துலக்கிய கையோடு பிடரியிலிருந்து நோக்கமானியைக் கழற்றி, வெந்நீரில் அலசி, ஈரம் போகத் துடைத்து மறுபடி பொருத்திக்கொள்வது அவிநாசி சர்வேஷ் வீட்டில் நாற்பது ஆண்டுப் பழக்கம். ஒரு நாள் கழுவாமல் விட்டாலும் அந்தக் கருவி மனத்தில் இருப்பதை மங்கலாகப் படிக்கும். மங்கலான நோக்கத்தோடு வெளியே கிளம்பினால் பேருந்துக் கதவு திறக்காது. கல்யாண மண்டபத்து வாசலோ, 'வாழ்த்த வந்தீர்களா, சாப்பிட வந்தீர்களா?' என்று பத்துப் பேர் முன்னிலையில் கேட்டு மானத்தை வாங்கிவிடும்.

சர்வேஷ் என்ற பெயரைக் கேட்டதுமே ஆள் எழுபதைத் தாண்டியவர் என்று சொல்லிவிடலாம். அவர் பிறந்த காலத்தில் வீதிக்கு நாலு சர்வேஷ் இருந்தார்கள். மனைவி யாழினியின் பெயரும் அந்தத் தலைமுறைப் பெயர்தான். மகன் செங்கோடன், மருமகள் பழனாத்தாள் என்பவை இக்காலத்து நாகரிகப் பெயர்கள்.

அந்த வீட்டுக்கு ஊரில் ஒரு மதிப்பு இருந்தது. அந்த வீட்டார் எந்த வாசலிலும் திருப்பி அனுப்பப்பட்டதில்லை. சொன்னதைச் செய்யாமல் விட்டதில்லை. சர்வேஷின் வாயிலிருந்து பொய் வந்ததாக அவரைப் பிடிக்காதவர்கள்கூடச் சொன்னதில்லை. அப்படிப்பட்ட மதிப்பைக் காப்பாற்றுவது எளிய வேலை இல்லை. நிமிர்ந்த முதுகோடு நிற்பவனுக்குத்தான் முதுகுவலி தெரியும்.

சென்ற ஆண்டு அந்த மதிப்பின்மீது ஒரு கல் விழுந்தது. மகளைக் கொடுத்த இடத்துச் சம்பந்தி ரித்திக், இலையுதிர் காலத்தில் ஏழு ஐரோப்பிய நாடுகளுக்குப் போய் வந்தார். வந்தவர் சும்மா இருக்கவில்லை. தம் வரவேற்பறைச் சுவர் முழுவதும் படங்களை ஓடவிட்டு, உறவினர்களை உட்கார வைத்து மூன்று மணி நேரம் காட்டினார். சர்வேஷுக்குக் கடைசி வரிசையில், தூணுக்குப் பின்னால் இடம் கிடைத்தது. "சம்பந்தி, நீங்களும் ஒருக்கா போயிட்டு வாங்க. வயசு ஏறுதுல்ல?" என்று ரித்திக் அத்தனை பேர் நடுவில் சொன்னார். அன்று இரவு சர்வேஷுக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாளே முடிவு செய்துவிட்டார். 2096ஆம் ஆண்டின் இலையுதிர் காலத்தில் தம் குடும்பம் ஒன்பது நாடுகளுக்குப் போய் வரும்.

சொல்வது எளிது. பூமி சூடேறியதில் ஐரோப்பாவின் இலையுதிர் காலம் சுருங்கிப்போயிருந்தது. முன்பு மூன்று மாதம் நீடித்தது, இப்போது ஓர் ஊரில் இரண்டு வாரம் நின்றால் பெரிது. வடக்கே பின்லாந்தில் இலைகள் பழுக்கத் தொடங்கும். அந்த நிறம் ஒரு கோடு போலத் தெற்கே இறங்கிக்கொண்டே வரும். அதை வண்ணக்கோடு என்றார்கள். அந்தக் கோட்டைத் துரத்திக்கொண்டே ஓடினால்தான் பல நாட்டு இலைகளைப் பார்க்க முடியும். ஒரு நாட்டில் அரை நாள் பிந்தினால் அடுத்த நாட்டில் மொட்டைக் கிளைதான் மிஞ்சும்.

ஆகவே சர்வேஷ் சாப்பாட்டு மேசையில் வழிவகுப்பான் என்ற கருவியை விரித்து வைத்துக்கொண்டார். தோசைக்கும் சட்னிக்கும் நடுவில் ஐரோப்பா ஒளிர்ந்துகொண்டிருந்தது. காலையில் ஒரு திட்டம் போடுவார், மாலையில் அதைக் கலைப்பார். உட்கார்ந்தவர் எழுந்துவிடுவார், எழுந்தவர் மறுபடி வந்து ஒரு ரயிலை மாற்றுவார். முப்பத்தோராவது திட்டம் ஓடிக்கொண்டிருந்தபோது யாழினி கேட்டார்.

"ஏனுங்க, எங்கியாச்சும் உக்கார்றதுக்கு நேரம் போட்டிருக்கீங்களா?"

"ரயில்ல உக்காந்துதானே போறோம்?"

"ரயில்ல இல்லீங்க. ஒரு மரத்தடியில."

"மரத்தடியில உக்கார்றதுக்கு எதுக்கு அம்மணி ஐரோப்பா? பின்லாந்து மூணு மணி நேரம், எஸ்தோனியா ரெண்டரை. லாத்வியாவுல எறங்கி ஒரு படம், ஏறி லித்துவேனியா. இதுல எங்க உக்கார்றது?"

"அம்மாளுக்காக ஒரு நாட்டைக் கொறைச்சுக்கலாமுங்கப்பா. எட்டு போதும்" என்றான் செங்கோடன்.

"எட்டுன்னா சம்பந்தியை விட ஒண்ணுதான் எச்சு. அடுத்த வருசம் அவுரு எட்டு முடிச்சுட்டு வந்து வாசல்ல நிப்பாரு. ஒம்பதுன்னா கொஞ்சம் மூச்சு வாங்கும்."

பழனாத்தாள் வரைபடத்தைக் குனிந்து பார்த்தாள். "நடுவுல லீக்டன்ஸ்டைன்னு ஒரு பொடி நாடு இருக்குதுங்க மாமா. ஒரு தும்மல் போட்டா தாண்டிரலாம்."

"வேண்டாங்கண்ணு. அத்தனை சின்னதா இருந்தா ஒறம்பரை சனங்க கணக்குல சேத்துக்க மாட்டாங்க."

யாழினி தோசைத் தட்டுகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். அவர் முப்பத்தைந்து ஆண்டுகள் திருப்பூரில் ஒரு சாயப்பட்டறையின் ஆய்வுக்கூடத்தில் நிறம் கூட்டும் வேலை பார்த்தவர். ஐரோப்பாவிலிருந்து உள்ளங்கை அகலத் துணித்துண்டு வரும். 'இலையுதிர் கால நிறம்' என்று சீட்டு ஒட்டியிருக்கும். அதே நிறம் பனியனில் வரும்வரை சிவப்பையும் மஞ்சளையும் துளித் துளியாக மாற்றிக் கலக்குவார். எத்தனை ஆயிரம் முறை கலக்கினாரோ, அந்த நிறத்தை மரத்தில் ஒரு நாளும் பார்த்ததில்லை.

திட்டம் முடியும் முன்பே சர்வேஷ் இன்னொரு வேலையைத் தொடங்கிவிட்டார். தூரப் பயணம் போகிறவர்கள் உறவினர் வீடுகளுக்கு நேரில் போய்ச் சொல்லிவிட்டு வர வேண்டும் என்பது அந்தப் பக்கத்து முறை. கருவியில் செய்தி அனுப்பினால் அது சொன்னதாகாது. பங்காளி வீடு, மாமன் மச்சான் வீடு என்று நூற்றுப் பன்னிரண்டு வீடுகள். நாற்பது நாளாகக் குடும்பத்தோடு ஏறி இறங்கினார். ஒவ்வொரு வீட்டிலும் காப்பி வரும், முறுக்கு வரும், பின்பு அந்தக் கேள்வி வரும்.

"எத்தனை நாடுங்க?"

"ஒம்பது நாடு. போயிட்டு வர்றமுங்க."

அந்த நேரத்தில் கேட்டவர் முகத்தில் ஒரு மாற்றம் வரும் பாருங்கள், அதற்கு ஈடான காட்சியை எந்த மலையும் ஏரியும் தராது. சர்வேஷுக்கு முதுகு தானாக நிமிரும். பழனாத்தாள் தலைப்பைச் சரிசெய்துகொள்வாள். செங்கோடன் கூரையைப் பார்த்துச் சிரிப்பை அடக்குவான். மூவர் பிடரியிலும் நோக்கமானி சத்தமில்லாமல் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டிருந்தது.

ஐரோப்பாவுக்குள் நுழைய அனுமதி வழங்கும் பொதுவாயில் என்ற அமைப்பு கேட்டது அந்தக் குறிப்பைத்தான். அதற்குக் காகிதம் வேண்டாம், கைரேகை வேண்டாம். விண்ணப்பித்தவரின் மனம் கடந்த தொண்ணூறு நாளில் எதை நாடியது என்பது மட்டும் போதும்.

செப்டம்பர் கடைசி வெள்ளிக்கிழமை, காலைச் சாப்பாடு முடிந்த வேளையில் பதில் வந்தது. கூடத்துச் சுவரில் பச்சை விளக்கு எரிந்தது. நால்வரும் வேட்டி சேலையைச் சரிசெய்துகொண்டு எதிரில் நின்றார்கள். வாயிலின் குரல் அச்சில் வார்த்த தமிழில் பேசியது.

"வணக்கம். யாழினி அவர்களுக்கு அனுமதி வழங்கப்படுகிறது. சர்வேஷ், செங்கோடன், பழனாத்தாள் ஆகிய மூவருக்கும் மறுக்கப்படுகிறது. முடிவோலை அச்சாகிறது."

சுவர் இடுக்கிலிருந்து ஒரு சீட்டு மெல்ல வெளியே வந்தது. யாரும் அதை எடுக்கவில்லை.

"மறுபடி படிச்சுப் பாருங்க. பேரு மாறியிருக்கும்" என்றார் சர்வேஷ்.

"பெயர் மாறவில்லை, ஐயா."

"நாங்க திரும்பி வராம அங்கியே தங்கிக்குவோம்னு சந்தேகமா? எங்க வம்சத்துல ஒருத்தரும் அப்படிப் பண்ணினதில்லை."

"அந்தச் சந்தேகம் துளியும் இல்லை. நாங்கள் இரண்டை அளக்கிறோம். ஒன்று, போதல். அதாவது ஓரிடத்துக்குப் போய் அங்கே இருக்க வேண்டும் என்ற விருப்பம். மற்றது, வந்திருத்தல். போய் வந்தவராக ஊரில் இருக்க வேண்டும் என்ற விருப்பம். தங்களுக்கு வந்திருத்தல் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது. போதல் இரண்டு."

"ரெண்டா?" என்றான் செங்கோடன். "எனக்கு எவ்வளவுங்க?"

"நான்கு."

தந்தையை விட இரண்டு கூடுதலாக வாங்கியதில் அவனுக்கு ஓர் அற்ப மகிழ்ச்சி தோன்றி மறைந்தது. சர்வேஷ் விடவில்லை.

"மூணு மாசமா நான் ஐரோப்பாவை நெனைக்காத நேரமில்லை. அது உங்க கணக்குல வரலியா?"

"வந்திருக்கிறது. தொண்ணூறு நாளில் தாங்கள் ஐரோப்பாவை நாலாயிரத்து முந்நூறு முறை நினைத்திருக்கிறீர்கள். அவற்றில் நாலாயிரத்து இருநூறு நினைவுகள் ரித்திக் என்பவருடைய வரவேற்பறையில் நடக்கின்றன."

பழனாத்தாள் சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள். அவளுடைய நினைவுகள் எந்த வீட்டில் நடந்தன என்று கேட்க அவளுக்குத் துணிவில்லை.

வாயிலின் குரல் தொடர்ந்தது. கூட்டம் நெருக்கி எங்கள் ஊர்கள் மூச்சுத் திணறிய காலம் ஒன்று இருந்தது, வந்தவர்களில் பெரும்பாலோர் எங்களைப் பார்க்க வரவில்லை என்பதைப் பிறகுதான் அளந்து கண்டோம் என்றது. "அப்படிப்பட்டவர்களை வெறுங்கையோடு விடுவதில்லை. அவர்கள் விரும்பியதையே கொடுக்கிறோம். அதற்குப் பெயர் வந்தோர் பேழை. ஒன்பது நாடுகளிலும் தாங்கள் நிற்கும் படங்கள், ஒன்பது வகைச் சாக்லேட், காலணியில் பூசிக்கொள்ள அந்தந்த நாட்டு மண், மூன்று நாளைக்கு மெல்லிய ஜலதோஷம் தரும் தெளிப்பான். யாருக்கு அனுப்பினோம் என்பதை எவரிடமும் வெளியிடமாட்டோம்."

"வேண்டாம்!" சர்வேஷின் குரல் கூடத்தில் மோதித் திரும்பியது. "இது பொய் பேசற வீடு இல்ல. பேழையும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்." சுவரை அணைத்தார்.

பிறகுதான் வீட்டில் அமைதியின்மை தொடங்கியது. நூற்றுப் பன்னிரண்டு வீடுகளில் சொல்லியாகிவிட்டது. வாசலில் நிறுத்தித் திருப்பி அனுப்பிவிட்டார்கள் என்று எந்த முகத்தோடு போய்ச் சொல்வது? சர்வேஷ் கூடத்துக்கும் சமையலறைக்கும் நடையாய் நடந்தார். நாற்காலியை இழுத்துப் போட்டார், உட்காராமல் தள்ளினார். உடம்பு சரியில்லை என்று சொல்லலாமா என்றான் செங்கோடன். யாருக்கு என்று கேட்டாள் பழனாத்தாள். யாருக்கென்று மூவரும் கால் மணி நேரம் வாதாடினார்கள்.

"யாருமே போவ வேண்டாம். அவ்வளவுதான்" என்று சர்வேஷ் முடித்தார்.

யாழினி சமையலறை வாசலில் நின்றிருந்தார். இத்தனை நேரமும் அவரிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை.

"நான் போறேன்" என்றார்.

அந்த வீட்டில் எவரும் அப்படிச் சொல்வதில்லை. கடைக்குப் போனாலும் 'போயிட்டு வர்றேன்' என்றுதான் சொல்வார்கள். 'போறேன்' என்பது திரும்பாத பயணத்துக்கான சொல். அதை வாய்விட்டுச் சொன்னாலே பெரியவர்கள் காதைப் பொத்திக்கொள்வார்கள்.

"என்ன வார்த்தை அம்மணி இது? போயிட்டு வர்றேன்னு சொல்லு."

"வர்றதைப் பத்தி நான் இன்னும் நெனைக்கலீங்க. போறதைத்தான் நெனைச்சுட்டு இருக்கேன். முப்பத்தஞ்சு வருசம் அந்த நெறத்தைக் கலக்கினேன். சரியாக் கலக்கினனா இல்லியான்னு ஒருக்கா பாத்துட்டாப் போதும்."

"நீ மட்டும் போனா, மத்த மூணு பேரு ஏன் போவலைன்னு ஊரு கேக்குமே?"

"அது உங்க கவலைங்க. நீங்களே வெச்சுக்குங்க."

நாற்பத்தெட்டு ஆண்டுத் தாம்பத்தியத்தில் யாழினி எதிர்த்துப் பேசியது இதற்கு முன்பு இரண்டு தடவைதான். அந்த இரண்டு தடவையும் சர்வேஷ்தான் இறங்கி வந்தார். இப்போதும் இறங்கி வந்தார். ஆனால் இறங்குகிற வழியிலேயே ஒரு யோசனையையும் பிடித்துக்கொண்டார்.

"நாலு பேரும் பெட்டியோட வான்தளத்துக்குப் போவோம். உன்னை அனுப்பி வெச்சுட்டு நாங்க பின்சந்து வழியா வந்து வீட்டுக்குள்ள இருந்துக்குவோம். முன்கதவு பூட்டியே இருக்கட்டும். பதினாலாம் நாளு வான்தளத்துக்கு வந்து உன்னையும் கூட்டிட்டு வந்துருவோம். கேட்டா, 'போயிட்டு வந்தோம்'னு சொல்லிக்கலாம்."

"அது பொய் இல்லீங்களா மாமா?" என்றாள் பழனாத்தாள்.

"எப்படிப் பொய்யாகும்? வான்தளத்துக்குப் போனோமா இல்லியா? வந்தோமா இல்லியா?"

செங்கோடன் தந்தையைப் புதிதாகப் பார்ப்பதுபோல் பார்த்தான்.

அக்டோபர் முதல் வாரத்தில் புறப்பட்டார்கள். உறவினர்கள் எலுமிச்சம்பழம் கொடுத்து வழியனுப்பினார்கள். ரித்திக்கும் வந்திருந்தார். "ஒம்பது நாடுங்களா? காலு தாங்குமுங்களா சம்பந்தி?" என்று கேட்டார். அந்தக் கேள்வியில் இருந்த புளிப்பை சர்வேஷ் அனுபவித்துச் சுவைத்தார். யாழினி ஒரே ஒரு பெட்டி எடுத்துக்கொண்டார். பார்ப்பதையெல்லாம் படமாகச் சேமிக்கும் விழிப்பதிவு வில்லையை வீட்டிலேயே கழற்றி வைத்துவிட்டார். கண்ணுக்கும் நிறத்துக்கும் நடுவில் கண்ணாடி வந்தால் சாயம் ஒரு புள்ளி மாறித் தெரியும் என்பது ஆய்வுக்கூடத்தில் அவர் கற்ற பாடம்.

பிறகு பதினான்கு நாள் மூவரும் சொந்த வீட்டில் ஒளிந்திருந்தார்கள்.

அதை விவரிக்கவே கூச்சமாக இருக்கிறது. தாளித்தால் வாசனை போகும் என்று தாளிக்காத சாம்பார். அழைப்புமணி அடித்தால் மூச்சைப் பிடித்துக்கொள்ள வேண்டும். ஊரே எழுந்து நின்று கும்பிட்ட மனிதர், சன்னலுக்குக் கீழே தவழ்ந்து குளியலறைக்குப் போனார். ஏழாம் நாள் தும்மல் வந்தபோது தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டார். ஒன்பதாம் நாள் வாசலில் கீரைக்காரியின் குரல் கேட்டு, மறதியாகத் திரைச்சீலையை விலக்கிவிட்டார். எதிர்வீட்டு ஹாசினி மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தார். சட்டென்று திரையை இழுத்துவிட்டார். அவ்வப்போது, யாழினி இப்போது எந்த நாட்டில் இருப்பாள் என்ற நினைப்பும் வந்துபோனது. திட்டப்படி லாத்வியாவைத் தாண்டியிருக்க வேண்டும்.

பன்னிரண்டாம் நாள் பின்வாசலில் ஒரு பேழை வந்து இறங்கியது.

"யாரு வரச் சொன்னது?"

செங்கோடன் தரையைப் பார்த்தான். "நாந்தானுங்கப்பா. ஒறம்பரை வந்து படம் எங்கேன்னு கேட்டா என்ன பண்றது? தொறக்க வேண்டாம். சும்மா இருக்கட்டும்."

மாலைவரை திறக்கவில்லை. மாலையில் பழனாத்தாள், எறும்பு ஏறுகிறதா என்று பார்க்க மட்டும் திறந்தாள். மேலாக இருந்த படத்தில் சர்வேஷ் ஒரு பாலத்தின்மேல் நின்றிருந்தார். பின்னால் சிவந்த மலை. முதுகு நிமிர்ந்திருந்தது. தாம் இவ்வளவு கம்பீரமாக இருந்ததை அவர் எந்தக் கண்ணாடியிலும் கண்டதில்லை. படத்தை வைத்துவிட்டார். சற்று நேரம் கழித்து மறுபடி எடுத்தார்.

"இதுல உங்கம்மா இல்லியே."

"மறுத்தவங்களுக்கு மட்டுந்தானுங்களே பேழை. அம்மாதான் படம் எடுத்தாங்கன்னு சொல்லிக்கலாமுங்க" என்றான் மகன். சர்வேஷ் படத்தைக் கீழே வைக்கவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

யாழினி திரும்பினார். வான்தளத்தில் அவரைப் பார்த்ததும் மூவருக்கும் என்னவோ போலிருந்தது. ஒன்பது நாடு அலைந்த களைப்பே அவரிடம் இல்லை. "எப்படி இருந்துச்சு?" என்று சர்வேஷ் கேட்டார். "சொல்றனுங்க, வீட்டுக்குப் போயி" என்றார். வீட்டுக்கு வந்ததும் சொல்ல முடியவில்லை. வாசல் நிறைய உறவினர்கள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. கூடம் நிரம்பி வழிந்தது. சாக்லேட் சுற்றில் போனது. சுவரில் படங்கள் ஓடின. மூவரும் மூக்கை உறிஞ்சிக்கொண்டு நின்றார்கள். தெளிப்பானை யார் எடுத்துக் கொடுத்தது என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளவில்லை. சர்வேஷ் தம் வாயால் எதையும் விவரிக்கவில்லை. 'போயிட்டு வந்தோம்' என்று மட்டும் சொல்லிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டார். முடிவோலை யார் கண்ணிலும் பட்டுவிடக் கூடாது என்று சட்டைப் பையில் வைத்திருந்தார்.

முதல் வரிசையில் ரித்திக் உட்கார்ந்திருந்தார். பின்னால் இருந்தவர்களுக்கு அவரே திரும்பித் திரும்பி விளக்கம் சொன்னார். "அடுத்ததுதான் நெம்ப நல்லா இருக்கும். பாலத்து மேல பழனாத்தாளோட துப்பட்டா அப்படியே காத்துல பறக்கும், பாருங்க."

படம் மாறியது. பாலம். பழனாத்தாளின் துப்பட்டா பறந்தது.

சர்வேஷ் ரித்திக்கைப் பார்த்தார். ரித்திக் அவரைப் பார்த்தார். ரித்திக்கின் முகத்தில் இரத்தம் ஏறி இறங்கியது. சென்ற ஆண்டு இதே பாலத்தில், இதே காற்றில், சம்பந்தியம்மாளின் துப்பட்டா பறந்தது சர்வேஷுக்கு நினைவு வந்தது. இருவரும் ஒரே நேரத்தில் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

"ஏனக்கா, நீங்க ஒரு படத்துலயும் காணமே?" என்று எதிர்வீட்டு ஹாசினி யாழினியிடம் கேட்டார்.

"அம்மாதான் படம் எடுத்தாங்க" என்றான் செங்கோடன் வேகமாக.

"நான் எங்கடா எடுத்தேன்?" என்றார் யாழினி. "நான் ஒரே ஊர்லதானே இருந்தேன். பின்லாந்துல குவோபியோன்னு ஏரிக்கரை ஊரு. வெள்ளைப் பட்டை மரம் ஒண்ணு. மொத எலை பழுத்ததுலருந்து கடைசி எலை உதுந்த வரைக்கும் அதுக்குக் கீழயே உக்காந்திருந்தேன். நாங்க திருப்பூர்ல கலக்கினதுல செகப்பு ஒரு புள்ளி எச்சா இருந்திருக்குதுங்க. அது செகப்பே இல்ல. மஞ்சளுக்கு வயசானா வர்ற நெறம்." சுவரைத் திரும்பிப் பார்த்தார். "இந்தப் படத்துலயும் செகப்பு எச்சாத்தான் இருக்குது. போன வருசம் சம்பந்தி வீட்டுப் படத்துலயும் அப்படித்தான்."

கூடத்தில் ஒரு முணுமுணுப்பு ஓடியது. ஒன்பது நாட்டுப் பயணத்தில் ஒருவர் மட்டும் ஒரே மரத்தடியில் பதினான்கு நாள் உட்கார்ந்திருந்தாராம். படம் ஒன்றுகூட இல்லையாம். ஜலதோஷமும் இல்லை.

"குவோபியோவா? அப்படி ஒரு ஊரு இருக்குதா?" என்று யாரோ கேட்டார்கள். யாரோ சிரித்தார்கள்.

ஹாசினியின் முகத்தில் மெல்ல ஒரு வெளிச்சம் பரவியது. குரலைத் தாழ்த்திக்கொண்டார். தாழ்த்திய குரல் கூடம் முழுக்கக் கேட்டது. "நான் யாருகிட்டயும் சொல்லலீங்க. ஒம்பது நாளைக்கு முன்னாடி இருக்கும்... இல்ல, ஆறு நாளு. பூட்டின வீட்டுக்குள்ள, இந்தச் சன்னல்ல யாரோ திரையை வெலக்கினாங்க. திருடன்னு பயந்தே போனேன். இப்பத்தான் புரியுது. அக்கா, வாயில் உங்களுக்கு மட்டும் அனுமதி தரலீங்களா?"

முணுமுணுப்பு நின்றது. எல்லோர் கண்ணிலும் இரக்கம் நிறைந்தது. பாவம், யாழினி. வீட்டாரெல்லாம் ஒன்பது நாடு சுற்ற, அவர் மட்டும் இருட்டறையில் ஒளிந்திருக்கிறார். மானத்துக்கு அஞ்சி ஒரு மரத்தையும் ஓர் ஏரியையும் கற்பனை செய்துகொண்டிருக்கிறார்.

யாழினி திரும்பிக் கணவரைப் பார்த்தார். அவ்வளவுதான்.

சர்வேஷின் கை சட்டைப் பைக்குப் போனது. முடிவோலையை எடுத்து நீட்டினால் போதும். யாழினி போனது உறுதியாகிவிடும். அதே சீட்டில், அதே வரியில், போகாத மூவரின் பெயரும் இருந்தது. அதை விரித்தால் இந்த வீட்டு வாசல் மட்டுமில்லை, சென்ற ஆண்டு இதே பேழைப் படங்களைக் காட்டிவிட்டு இப்போது முதல் வரிசையில் வியர்த்துக்கொண்டிருக்கும் ரித்திக்கின் வாசலும் சரியும். மகளைக் கொடுத்த வீடு அது. எழுபத்து நான்கு வயதில், பொய் சொல்லாத வாய் என்று பெயரெடுத்த வாயைத் திறந்து அவர் ஒரு சொல் சொல்ல வேண்டியிருந்தது.

ரித்திக் முந்திக்கொண்டார். எழுந்து வந்து யாழினியிடம் மிகுந்த கனிவோடு சொன்னார்: "சம்பந்தியம்மா, மனசு விட்டுராதீங்க. மொத தடவை எல்லாருக்குமா கெடைச்சுருது? இதுல ஒண்ணும் கொறச்சல் இல்லீங்க."

கூடம் சர்வேஷின் வாயைப் பார்த்தது. அவர் பையிலிருந்து கையை வெறுமையாக வெளியே எடுத்தார். முதுகை நிமிர்த்தினார்.

"ஆமாங்க. அடுத்த வருசம் இவளையும் கூட்டிட்டுப் போயிக் காட்டிட்டு வந்துருவோம்."

பெண்கள் சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். இப்படிப்பட்ட கணவர் கிடைக்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்று ஒருத்தி இன்னொருத்தியிடம் சொன்னாள். ஹாசினி யாழினியின் கையைப் பிடித்துத் தடவிக் கொடுத்தார்.

யாழினி கையை மெல்ல விடுவித்துக்கொண்டார். பிறகு அவர் உதட்டில் சிரிப்பு போல ஏதோ ஒன்று வந்தது.

"எத்தனை நாடுங்க?" என்று கேட்டார்.

"பத்து" என்றார் சர்வேஷ், ரித்திக்கைப் பார்த்தபடி.